இடம் ஒழியாத திருவறை

குன்றில் முகிலும் குதிரில் நெல்லும் குறையாது நிற்கும் வெண்குன்ற நாட்டின் அரியணை அமர்ந்து, கடல் முகம் மூன்றும் காத்தருளும் கோமான் விடங்கவர்மரின் திருவாய்மொழிப்படி, அவருடைய ஓலைநாயகம் மருதூர் கிழான் இளங்காரி எழுதும் ஓலை. நெய்தல்தீவின் கோட்டையும் துறையும் காக்கும் இளையகோ சேந்தவர்மர் திருமுன் வருக. தீவின் கிணறுகள் உப்புக் கரிக்காதிருக்க. தென்காற்று படகுகளுக்கு இதமாக வீசுக. தேவரீரின் வீரரும் வலைஞரும் நோயின்றி வாழ்க.

தேவரீர் இதன் முடிச்சை அவிழ்த்ததே பெரிது. அவிழ்த்த கையால் கடைசி வரி வரைக்கும் படித்தருள வேண்டும். தமையனார் மீது தேவரீருக்கு இருக்கும் கோபத்தை ஆற்றுவதற்காக அடியேன் எதையும் மெழுகி எழுதவில்லை. நடந்ததை நடந்த வரிசையில் எழுதுக, எமக்கு வலிக்கும் இடத்திலும் எழுத்தாணி நிற்க வேண்டாம் என்பது கோமானின் உத்தரவு. ஆகவே அது நிற்கப்போவதில்லை.

தேவரீர் கப்பலேறிய சில நாளிலேயே வெண்குன்றத்து உச்சியில் முகில்மாடம் எழுந்தது. வெள்ளமும் கறையானும் எட்டாத உயரம் என்பதால், அரசர் முதல் உப்பு விற்பவர் வரை ஒவ்வொருவருக்கும் அங்கே ஓர் அறை தரப்பட்டது. இடுப்பில் செருகும் கைப்பேழையில் பத்து ஓலைக்கு மேல் கொள்ளாது; மிச்சமெல்லாம் மலையேறி அறையில் சேர்ந்துவிடும். வெளியூரிலிருந்து வரும் ஓலையும் முதலில் மாடத்துக்குப் போய், அங்கே படியெடுத்து அறையில் வைக்கப்பட்ட பிறகே உரியவர் கைக்கு வரும். எல்லா அறைக்கும் ஒரே அளவு, அரசருக்கென்று அரை முழம்கூடக் கூடுதல் கிடையாது என்று விதி செய்தவர் கோமானே. அந்த விதியைப் பற்றி வருகிற தூதர்களிடமெல்லாம் பெருமை பேசினார். அப்படிப்பட்டவருடைய அறைதான், பழைய ஓலைகளை ஏற்றியவுடனே, நாட்டிலேயே முதலில் நிறைந்தது.

எதனால் நிறைந்தது என்று கேட்டால் எழுதவே கூச்சமாக இருக்கிறது. தேவரீரின் மாமன் தென்கரை அரையர் வைகறைதோறும் ஒரு தாமரையை வரைந்து, நற்காலையாகுக என்று எழுதி அனுப்புவார். நாள் தவறியதில்லை, தாமரையும் மாறியதில்லை. விருந்தில் கை வைக்குமுன் உணவை ஓவியர் வரைந்து முடிக்க வேண்டும் என்று கோமானுக்கு ஒரு பழக்கம் வந்தது. நெய் உறைந்த எத்தனையோ சோறுகள் அந்த அறையில் ஓவியமாகக் கிடந்தன. ஓவியர் கை தவறி வரைந்த தம் கால் கட்டைவிரலும் ஓர் ஓலையில் பத்திரமாக இருந்தது. இவற்றின் நடுவே, தேவரீர் முதன்முதல் யானை ஏறிய நாளில் அடுத்தடுத்து வரைந்த பதினோரு ஓலைகள். அவற்றில் ஒன்பதில் தேவரீர் பயத்தில் கண்ணை மூடியிருக்கிறீர்கள். பதினொன்றில் ஒன்றையும் கழிக்கக் கோமானுக்கு மனம் வரவில்லை.

அறை நிறைந்த நாள் முதல் மாடத்து அறிவிப்பாளன் அம்பலவன் வரத் தொடங்கினான். திருவறை நிறைந்தது என்று சொல்வது அவன் கடமை. கோமான் உண்ணும்போது வந்தான், நீராடும்போது வந்தான், வடநாட்டுத் தூதர் தம் அரசர் இறந்த செய்தியைக் கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தபோதும் நடுவில் வந்து நின்று, திருவறை நிறைந்தது என்றான். விதிப்படி அவனுக்கு இரண்டே விடைகள் சொல்லலாம்: இடம் ஒழிக்கிறோம் என்பது ஒன்று, பின்னர் நினைவூட்டுக என்பது மற்றொன்று. அன்றுமுதல் எட்டு மாதமும் கோமான் இடைமறித்துச் சொன்னது பின்னதையே. நாளடைவில் அதைச் சொல்லவும் அலுத்துப்போய், அம்பலவன் வாய் திறந்து நான்கு சொல் வருமுன்னே கையை உயர்த்தி அனுப்பிவிடுவார்.

ஆனால் அவனுக்குக் காய்ச்சல் கண்டு வராதிருந்த ஒரு நாளில், உச்சிவேளை உணவின்போது அவன் எங்கே என்று கோமான் இரண்டு முறை வினவினார். எதையும் வேண்டாமல் தம்மைத் தேடி வருபவர் வேறு ஒருவரும் அரண்மனையில் இல்லை என்பது அன்றுதான் அடியேனுக்கு உறைத்தது. புதுத்துறை வெட்டுவது பிழை என்று அவையில் தேவரீர் எதிர்த்துப் பேசியதற்காகத் தேவரீரைத் தீவுக்கு அனுப்பினார். வழியனுப்பத் துறைக்கும் வராதிருந்தார். அதன்பின் தெற்கிலிருந்து பாய்மரம் தெரிந்தால் போதும், கலங்கரை விளக்கத்தின் கொத்துவேலையைச் சோதிக்க வேண்டும் என்று படியேறிவிடுவார். அந்தக் கொத்துவேலையை முப்பது முறையாவது சோதித்திருப்பார். ஒவ்வொரு கப்பலும் தேவரீரின் ஓலை இல்லாமலே வந்தது. கோமான் தனித்துப்போனார். இதை வேறு சொல்லால் எழுத அடியேனுக்குத் தெரியவில்லை.

தனிமை நாளாக ஆகக் கோபமாயிற்று. எட்டு மாதம் ஒரு சொல் அனுப்பாத தம்பி தம்பியல்லன், தீவோடு தனியரசு காண நினைக்கிறான் என்று அவையில் சிலர் சொன்னார்கள். கோமானும் அதை மறுக்கவில்லை. தேவரீரின் பெயரை அரசுரிமையிலிருந்து நீக்கும் ஆணையை எழுதச் சொன்னார். அடியேன் எழுதினேன். இதே எழுத்தாணிதான்.

அந்த ஆணை செல்லுபடியாக வேண்டுமானால் அதன் படி திருவறையில் ஏற வேண்டும். மலைக்குப் போன ஆணை மாலையே திரும்பி வந்தது. திருவறையில் இடமில்லை என்றார்கள். கோமானுக்குச் சினம் தலைக்கேறி, பல்லக்கு வருமுன் நடந்தே குன்றேறினார். அடியேன் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன்.

மாடத்துக் கண்காணி உலகுடையாள் யாருக்கும் அஞ்சாத பெண். அரசர் ஆணையையே மறுப்பது என்ன துணிவு என்று கோமான் கேட்க, அரசர் வகுத்த விதியைத்தான் காப்பதாக அவர் பணிவோடு கூறினார். மேலும், இடமில்லாத அறைக்கு வரும் ஓலையை முடிச்சு அவிழ்க்காமல், மாடத்தில் வைத்திருக்கும் அறைக்குரியவரின் முத்திரையை முடிச்சின்மேல் இட்டு, வந்த வழியே திருப்புவதே முறை என்றும், எட்டு மாதமாகத் திருவறைக்கு வந்த எல்லா ஓலையும் அவ்வாறே திருப்பப்பட்டன என்றும் தெரிவித்தார். எங்கிருந்து வந்தவை என்று கோமான் வினவினார். தென்கரையிலிருந்து தாமரைகள் என்றார் உலகுடையாள். நெய்தல்தீவிலிருந்து பத்தொன்பது என்றார்.

கோமான் தம் விரலிலிருந்த முத்திரை மோதிரத்தைப் பார்த்தார். இப்படி நேரும் என்று ஏன் எவரும் எமக்குச் சொல்லவில்லை என்று கேட்டார். உலகுடையாள் அம்பலவனை வரவழைத்து, நாள்தோறும் சொல்ல வந்ததை முழுதுமாகச் சொல்லுமாறு பணித்தார். அவன் கைகட்டி நின்று, திருவறை நிறைந்தது, இடம் ஒழியும் வரை தங்களுக்கு எழுதுபவர் எவருடைய ஓலையும் தங்களை வந்து சேராது என்றான். பின் பகுதியை எட்டு மாதத்தில் ஒருமுறையும் சொல்ல விடப்படவில்லை என்பதையும் மெல்லிய குரலில் சேர்த்தான்.

பிறகு கோமான் திருவறைக்குள் போய்த் தரையில் அமர்ந்தார். தாமரைகளையும் சோறுகளையும் தம் கையாலேயே வாரி வெளியே தள்ளினார். பதினோரு ஓலைகள் கைக்கு வந்தபோது நின்றார். உன் படத்துக்கு இடம் வைத்து உன்னை வெளியே நிறுத்தினேனே என்று, எவரும் அருகில் இல்லாதவர் பேசுவதுபோல் பேசினார். தேவரீர் ஒவ்வொரு முறையும் அந்த முத்திரையைக் கண்டு என்ன நினைத்திருப்பீர்கள் என்பதை எண்ணி அழுதார். பெயர் நீக்கும் ஆணையை அங்கேயே கிழித்தார். பத்தொன்பதில் என்ன எழுதியிருந்தது என்பது இந்நாட்டில் ஒருவருக்கும் தெரியாது. தேவரீர் அவற்றை எரித்திருக்கலாம். எரித்திருந்தால் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

இவ்வோலை மாடத்தின் வழியே வரவில்லை. படகில், ஆள் கையில் வருகிறது. இதன் முடிச்சில் அரச முத்திரையும் இல்லை. அதைக் கண்டால் தேவரீர் திறவாது போவீர்களோ என்று அஞ்சி, அடியேனின் சிறு முத்திரையே இடப்பட்டது.

ஆணையாவது: ஓலையைக் கொணர்ந்தவர் அதை வாயிற்காவலரிடம் தந்துவிட்டு வெளியே மணலில் நிற்க வேண்டும். இளையகோ அழைத்தாலன்றி வாயிலைக் கடக்கக் கூடாது. தம் பெயரைச் சொல்லக் கூடாது. நிழல் கேட்கக் கூடாது. ஓலை அவிழ்க்கப்படாமல் திரும்பி வந்தால், அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டு மறுபேச்சின்றிப் படகேற வேண்டும். இவ்வாணையைப் பிறப்பித்தவர் கோமான் விடங்கவர்மர். இதை ஏற்றுக்கொண்டு ஓலையோடு புறப்பட்டவரும் அவரே.