சோதனை வரிசையில் அரை மணி நேரம்

கோல சிலாங்கூர், 12.6.1952

அன்பு மகன் சவரிநாதனுக்கு,

போலீஸ் என்னைப் பிடித்து நிறுத்தியதாக உனக்கு யாரோ சொன்னது தவறு. நானாகத்தான் போய் நின்றேன். நலமாக இருக்கிறேன். நீயும் பிலோமினாவும் சுகமா?

தோட்டப் பள்ளிகளில் பாடம் நடத்திக்கொண்டே என்னிடம் ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்கள், ஊரடங்குக்கு முன் ரப்பர் தோட்டத்துக்குத் திரும்ப வேண்டுமென்று பாடம் முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். தங்களுக்குள் பேச நேரமே இல்லை. ஆனால் காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகிறதா என்று ஊர் எல்லையில் எல்லோரையும் இறக்கிச் சோதிக்கும்போது, வரிசையில் அரை மணி நேரம் சும்மா நிற்கிறார்கள். இப்போது நானும் அங்கே போய் நிற்கிறேன்.

நேற்று, பயிற்சியை விட்டுவிட இருந்த நாகமணி, "என் வகுப்புல பிள்ளைங்க தூங்குதுங்க டீச்சர், எனக்கு இந்த வேலை வராது" என்றாள்.

"என் வகுப்புலயுந்தான்!" என்று மூன்று பேர் சிரித்தார்கள். அவளும் சிரித்துவிட்டாள்.

காவலர் செல்லன் வந்தார். "டீச்சரம்மா, இங்க கூட்டம் போடக்கூடாதுலா."

"வரிசையில நிக்கச் சொன்னது நீங்கதானே?"

"சரி, மெதுவா பேசுங்க."

பஸ் ஏறும்போது நாகமணி, "அடுத்த வாரம் பார்ப்போம் டீச்சர்" என்றாள்.

ஆகவே நீ சொல்லியனுப்பியபடி என்னை அழைத்துப் போக வராதே. பஸ் போனபின் தனியே திரும்பும் வழிதான் சற்று நீளம். வெயிலுக்குப் பெரிய குடை ஒன்று அனுப்பு. நாலு பேர் நிற்க வேண்டும். தபால் கட்டும் நேரமாகிவிட்டது. அழைத்துப் போக வரமாட்டேன் என்று, இந்த முறை ஆளிடம் சொல்லி அனுப்பாமல், தேதி போட்டு உன் கையால் எழுது.

அம்மா