பின்தோளின் பதில்

என் மகள் யுன்ஷுவுக்கு,

நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதை எழுதவேண்டும் என்று எனக்கு எழுத்து சொல்லிக்கொடுத்தபோதே சொன்னார்கள், அதனால் விசாரிக்கிறேன். எனக்கு முழங்கால் வலியைத் தவிர ஒரு குறையும் இல்லை. நீ நலமாக இருப்பதை வாரத்துக்கு மூன்று தடவை உன் வீடியோவில் பார்க்கிறேன், வெள்ளை அங்கியும் பின்னால் மூங்கில் படமுமாக முகம் பளபளவென்று இருக்கிறது, நன்றாக இரு. உன் அப்பாவின் நலம்தான் பாக்கி. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாமே என்பாய். போன் மணி அடித்தால் அவர் காதைத் தீட்டிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவருக்குத் தெரியாமல் ஒன்றும் பேச முடியாது. தவிர நீ இப்போதெல்லாம் பாடம் நடத்தும் குரலில்தான் என்னோடும் பேசுகிறாய், ஒரு வாக்கியம், பிறகு ஒரு மூச்சு, பிறகு இன்னொரு வாக்கியம். அந்தக் குரலோடு எனக்குச் சண்டை போட வராது.

இந்த வருடம் மழை அதிகம். மிளகாய் விழுதுச் சாடிகளை வெயிலில் வைக்க நாளே கிடைக்கவில்லை, இரண்டு சாடி பூஞ்சை பிடித்துக் கொட்டினேன். ஷூ சித்தப்பாவுக்கு இடுப்பு போய்விட்டது, இப்போது மலையடிவாரத்தில் குடை விற்கிறார், வாய் மட்டும் அப்படியே இருக்கிறது, வருகிறவன் போகிறவனை எல்லாம் கேலி செய்கிறார். கோவில் சமையற்கட்டில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் கஞ்சியைக் கிண்டிக்கிண்டியே பசையாக்கிவிடுகிறாளாம். ஃபூ துறவியம்மா என்னைக் கூப்பிட்டு அவளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார், போய்விட்டு வந்தேன். இதெல்லாம் சும்மா எழுதுகிறேன் என்று நினைக்காதே, சொல்ல வந்ததைச் சொல்ல வாய் வரவில்லை, அதனால் சுற்றுகிறேன்.

ஒன்பதாம் மாதம் உன் மாணவர்கள் பதினான்கு பேரோடு வருகிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தாய். முற்றத்தில் பாய் விரிக்கவேண்டும், தானியம் சேர்க்காத சமையல் வேண்டும், அப்பா நடுவில் உட்கார்ந்து நாலு வார்த்தை சொன்னால் போதும் என்றாய். உன் இணையப் பக்கத்தில் அவரை மலையின் குரு என்று போட்டிருப்பதை எதிர்வீட்டு மருமகள் எனக்குப் படித்துக் காட்டினாள். குரு! யுன்ஷு, உன் அப்பா தூக்குநாற்காலி சுமந்தவர். இருபத்தாறு வருடம் சுற்றுலா வந்தவர்களை மூங்கில் நாற்காலியில் உட்காரவைத்து, கழியைத் தோளில் போட்டுக்கொண்டு கோவில்வரை ஏறினார், முன்னால் சுமந்த அவர் முன்தோள், பின்னால் சுமந்த ஷூ சித்தப்பா பின்தோள். கோவிலுக்குள் போய் ஊதுவத்தி கொளுத்தக்கூட அவருக்கு நேரம் இருந்ததில்லை, அடுத்த சவாரிக்குக் கீழே ஓடவேண்டும். நீயோ ஊதுவத்திப் புகை பட்டாலே தும்மிக்கொண்டு வெளியே ஓடுவாய். மெல்பர்ன் போய் வேலை போனபிறகுதான் உனக்கு மலை ஞாபகம் வந்தது. அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, பிழைக்கவேண்டும், பிழைத்துக்கொண்டாய்.

ஆனால் அவர்கள் சுமக்கும்போது கொடுத்த குரல்களை எடுத்து விற்கிறாயே, அதுதான் வயிற்றெரிச்சல். பின்னால் சுமக்கிறவனுக்கு நாற்காலி கண்ணை மறைத்துவிடும், வழி தெரியாது. அதனால் முன்னால் போகிறவன் வழியைக் குரல் கொடுத்துச் சொல்லவேண்டும், பின்னால் வருகிறவன் பதில் குரல் கொடுக்கவேண்டும். பாசி பிடித்த படி வந்தால் உன் அப்பா "பச்சைப் படி வருது" என்பார், ஷூ சித்தப்பா "விரலை ஊணிட்டேன்" என்பார். பள்ளத்தாக்கு ஓரம் வந்தால் இவர் "எடது பக்கம் காத்து" என்பார், அவர் "வலது பக்கம் சாஞ்சேன்" என்பார். பதில் வரவில்லையென்றால் முன்னால் இருப்பவர் அடுத்த அடி வைக்கமாட்டார், நின்றுவிடுவார். மேலே உட்கார்ந்திருக்கும் பருத்த ஆசாமி ஏன் நின்றீர்கள் என்று கத்தினாலும் நிற்பார். பதில் வந்தால்தான் நடை, அவ்வளவுதான் அதில் இருக்கும் ஞானம். நீ உன் ஆறாம் பாடத்தில் கண்ணை மூடச்சொல்லி "இடது பக்கம் காற்று" என்று மெல்லச் சொல்லி, வெறுமையை இடது நாசியால் உள்ளே இழுக்கச் சொல்கிறாய். ஷூ சித்தப்பாவுக்கு அதைக் காட்டினேன். அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "எடது பக்கம் இழுத்தா பொணமாத்தான் போவாங்க அண்ணி, கீழ எண்ணூறு அடி" என்றார். நானும் சிரித்தேன். அப்போது சிரிக்க முடிந்தது.

இனி சொல்லியே ஆகவேண்டும். உன் அப்பாவின் கண்ணில் புரை வளர்ந்திருக்கிறது, முற்றினதும் எடுத்துவிடலாம் என்று போன வருடம் உன்னிடம் சொன்னேனே, அது பொய். அவருக்கு இரண்டு கண்ணும் தெரியாது. இடது காலில் மூன்று விரல் இல்லை. போனில் முகம் காட்டச் சொல்லி நீ கேட்டபோதெல்லாம் ஜன்னல் பக்கம் திருப்பி உட்காரவைத்து, இடது பக்கம் பார்த்துச் சிரிக்கச் சொல்லித் தோளைத் தட்டினவள் நான். உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அந்தச் சத்தியத்தை இன்றைக்கு உடைக்கிறேன்.

இந்தப் பக்கத்து ஆட்களுக்காக நம் பேச்சிலேயே நீ போட்ட பாடங்கள் இருக்கிறதே, அதில் பதினேழாவது. தானியத்தை விடுங்கள், உடம்புக்கு அதன் வழி தெரியும், தினம் தினம் உடம்பின்மேல் எதையெல்லாம் வலியத் திணிக்கிறீர்களோ அதை நாற்பது நாள் நிறுத்திப் பாருங்கள், வலிந்து செய்யாமல் இருப்பதே தாவோ, மலைத் துறவிகளின் வழி என்றாய். நீ மாத்திரையை விடச் சொல்லவில்லை, ஊசியை விடச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும், அந்தப் பாடத்தை நான் எத்தனை தடவை கேட்டேன் என்று உனக்குத் தெரியாது. ஆனால் ஒன்பது வருடமாகக் காலையும் மாலையும் வயிற்றில் இன்சுலின் குத்திக்கொள்கிற மனுஷனிடம், தினம் வலியத் திணிப்பதை நிறுத்து என்று பெற்ற மகள் சொன்னால் அவர் எதை நிறுத்துவார்? முதலில் சோற்றை நிறுத்தினார். பிறகு எனக்குத் தெரியாமல் ஊசியை நிறுத்தினார். மருந்தைக் கழிவறைக்குப் பக்கத்துச் செம்பருத்தித் தொட்டியில் குத்திக் காலி செய்துவிட்டு, வெறும் ஊசியைக் கொண்டுவந்து என்னிடம் காட்டுவார். நானும் சரி என்று குப்பையில் போடுவேன். இருபத்தெட்டாம் நாள் தண்ணீர் தண்ணீர் என்று குடம் குடமாகக் குடித்தார். முப்பத்தொன்றாம் நாள் முற்றத்தில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் பதினாறு நாள் கிடந்தார். கண் ஏற்கெனவே தேய்ந்துகொண்டுதான் இருந்தது, இது அதை முடித்துவிட்டது என்றார் டாக்டர். காலில் இருந்த புண்ணை அவர் சொல்லாமலே வைத்திருந்திருக்கிறார். நினைவு வந்ததும் என்னிடம் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "பாப்பா சரியாத்தான் சொல்லுச்சு, நான்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டேன். அவகிட்ட சொல்லிடாத, பாடம் நடத்த முடியாம போயிடும்." அவர் முகத்தைப் பார்த்து எனக்கு அறையலாம்போல இருந்தது, உன்னையா அவரையா என்றுகூடத் தெரியவில்லை.

என் பங்கையும் மறைக்கமாட்டேன். அரிசி இல்லாமல் பூசணியும் காளானும் வேகவைத்து அந்த நாற்பது நாள் சமையலைச் செய்தவள் நான்தான். முப்பது வருடம் துறவிகளுக்குச் சமைத்தவள், எனக்குத் தெரியாதா? மேலே இருக்கிறவர்கள் இரண்டு கிண்ணம் சோறு சாப்பிடுவார்கள், மூன்றாவதுக்கும் கிண்ணத்தை நீட்டுவார்கள். ஃபூ துறவியம்மா காலைப் பூசை முடிந்ததும் முதல் வேலையாக ரத்த அழுத்த மாத்திரையை வெந்நீரில் விழுங்குவார். உன் பாடத்தைப் பற்றி ஒருநாள் அவரிடம் பெருமையாகச் சொன்னேன், "மாத்திரை மட்டும் தாவோவுக்கு வெளியிலயா இருக்கு? என் ஒடம்பு பாறையா இருந்தா நான் ஏன் இதை முழுங்கப் போறேன்? ஒடம்பைப் பாத்து நடக்கறதுதான்டி இது, ஒடம்பைப் பட்டினி போட்டுப் பரீட்சை வைக்கறது இல்ல" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொன்னார். கிழவிக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தேன். என் மகளை எத்தனை ஆயிரம் பேர் கேட்கிறார்கள் என்று எனக்குத் தலைகால் புரியாமல் இருந்தது. அந்தப் பெருமைக்குத்தான் இப்போது தினமும் கால் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன்.

வலிந்து செய்யாமல் இருப்பது என்றால் என்னவென்று நானும் கற்றுக்கொண்டுவிட்டேன், வேண்டுமானால் பாடத்தில் சேர்த்துக்கொள். அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பும்போது முதல் மாதம் கக்கத்தில் கைகொடுத்து இழுப்பேன், இரண்டு பேருக்கும் வலிக்கும், இரண்டு பேரும் கத்துவோம். இப்போது இழுப்பதில்லை. முன்னால் நின்று கையை மட்டும் நீட்டிவிட்டுக் காத்திருப்பேன். அவர் உடம்பு தானாக முன்னால் சாயும் ஒரு கணம் இருக்கிறது, அப்போது நான் ஒரு எட்டு பின்னால் வைத்தால் போதும், அவரே எழுந்துவிடுகிறார். ஒருநாளைக்குப் பத்துத் தடவை இதைச் செய்கிறேன், கண்ணை மூடிக்கொண்டு அல்ல. நடக்கும்போது நான்தான் முன்தோள். அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு பின்னால் வருவார். "படி இருக்கு" என்பேன், "வச்சுட்டேன்" என்பார். "சேறு" என்பேன், "தாண்டிட்டேன்" என்பார். வாழ்நாள் முழுக்க முன்னால் நடந்த மனுஷன், இப்போது நன்றாகப் பதில் சொல்கிறார். சமயத்தில் "என்ன முன்தோளு, கொரலு கம்மியா இருக்கு, காலையில சாப்பிடலியா?" என்று கேலியும் செய்கிறார்.

ஆனால் ஒரு இடத்தில் மட்டும் மாறிவிடுகிறார். மாலையில் பஸ் நிறுத்தம்வரை போய்த் திரும்பும்போது நம் வாசலுக்கு வெளியே கையை என் தோளிலிருந்து எடுத்துவிட்டுத் தனியாக நிற்பார். நீ நான்கு வயதுப் பிள்ளையாக இருந்தபோது மலையிலிருந்து இறங்கி வந்து எப்படி நிற்பாரோ அதேபோல. "வாசல்ல கல்லு" என்று குரல் கொடுப்பார். அந்த உயரமான வாசற்கல் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. நீ உள்ளே எந்த மூலையில் இருந்தாலும் "தாண்டி வா" என்று கத்துவாய், கத்தினால்தான் உள்ளே வருவார். ஒருநாள் நீ கோபித்துக்கொண்டு பதில் சொல்லாமல் இருந்தாய், மழையில் அரைமணி நேரம் நனைந்துகொண்டு நின்றார், நினைவிருக்கிறதா? இருக்காது. போன மாதம் போனில் பேசும்போது திடீரென்று உன்னிடம் "வாசல்ல கல்லு" என்றார். நான் அடுப்பை விட்டு ஓடி வந்தேன். நீ என்ன சொன்னாய்? "ரொம்ப ஆழமா இருக்குப்பா, இன்னொரு தடவ மெதுவா சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றாய். அவரும் நீ எழுதிக்கொள்வதற்காக இன்னொரு தடவை மெதுவாகச் சொன்னார். போனை வைத்தபிறகு, "பாவம், அவளுக்கு எவ்வளவோ வேலை" என்றார். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. மகளே, அவர் கண் போனதற்குக்கூட நான் உன்னை ஒருநாள் மன்னித்துவிடுவேன் என்று நினைக்கிறேன். அந்தப் போனுக்கு மன்னிக்க முடியுமா என்று தெரியவில்லை.

அதனால் இதைக் கேள். அந்தப் பதினான்கு பேரை அழைத்துவராதே. முற்றத்தில் பாய் விரிக்கமாட்டேன், அவரைக் காட்சிக்கு உட்காரவைக்கமாட்டேன், மீறி வந்தால் கதவைச் சாத்திவிடுவேன், என்னை உனக்குத் தெரியும். பதினேழாம் பாடத்தை இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றே எடுத்துவிடு, வேறு யார் வீட்டிலோ ஒரு செம்பருத்தித் தொட்டி இருக்கும். எடுத்துவிட்டுத் தனியாக வா. மத்தியான பஸ்ஸில் வா, அப்போது அவர் தூங்குவார். சத்தம் போடாமல் பின்பக்கமாக உள்ளே போய்ச் சமையற்கட்டில் நில். நான் அவரை எழுப்பி, வழக்கம்போல நடக்கக் கூட்டிப்போய்விட்டு வாசலுக்குத் திரும்பக் கூட்டிவருகிறேன். அவர் நிற்பார், குரல் கொடுப்பார். மற்ற எல்லாக் குரலுக்கும் இந்த வீட்டில் நான் இருக்கிறேன், அந்த ஒன்றுக்கு மட்டும் நான் இதுவரை பதில் சொன்னதில்லை. தினமும் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் வராமல், காலால் துழாவித் தானே தாண்டி வருகிறார். என்ன சொல்லவேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன், மனப்பாடம் செய்துகொண்டு வா. சொல்லிவிட்டு அப்புறம் அழு, என்னோடு சண்டை போடு, எதுவாக இருந்தாலும் நான் சோறு வடித்து வைத்திருப்பேன்.

நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு. நேரத்துக்குச் சாப்பிடு, சோறு சாப்பிடு. இந்தக் கடிதத்தை யாருக்கும் படித்துக் காட்டாதே. அப்பா இப்போது வெளியே வெயிலில் உட்கார்ந்திருக்கிறார், என்ன எழுதுகிறாய் என்று கேட்டார், வர்ற மாசம் பாப்பா தனியாக வருகிறாளாம், அவளுக்கு வழி எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதைப் பொய்யாக்கிவிடாதே.

உன் அம்மா,
லாய் ஷுசென்