வாசலில் கழற்றிய பூட்ஸ்

மேற்கு ஜெர்மனி
ஜனவரி 1986

அன்புள்ள அம்மாவுக்கு சின்னப்பராஜ் எழுதுவது. சேசுவுக்கே தோத்திரம். முட்டிவலி தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை.

வாரமெல்லாம் பம்பு கம்பெனியில் பயிற்சி. நம் கிணற்று மோட்டார் மாதிரியே ஒன்றைப் பிரித்துப் பிரித்து மாட்டுகிறேன். சனிக்கிழமை ஊரே காட்டுக்குள் நடக்கிறது. விறகுக்கா என்று கேட்டேன். சும்மாதானாம்.

ஞாயிறு, நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாளோடு பூசைக்குப் போனேன். பழக்கத்தில் பூட்ஸைக் கோயில் வாசல் பனியிலேயே கழற்றிவிட்டேன். ஏன் என்றார். "சாமி வூட்டுக்குள்ள செருப்போட போவியாடா?" என்று நீங்கள் அதட்டுவதைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு அவரும் கழற்றினார். பூசை முடியும்வரை இருவரும் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றோம். தரை அப்படிச் சில்லிட்டது.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. நம் கம்பைநல்லூர் கோயில் தரை இந்த மாதம் எப்படி இருக்கும்? எனக்கு நினைவுக்கு வரவில்லை. ஞாயிறு போகும்போது கால் வைத்துப் பார்த்து எழுதுங்கள், அம்மா.

உங்கள் மகன்
சின்னப்பராஜ்