பதினோரு நிமிட அண்ணனின் நோய்

மார்ச் 3
அண்ணனின் குடலில் ஒரு சாண் நீளம் வெட்டி எடுத்துவிட்டார்கள். குடலைப் புண்ணாக்கும் குரோன் நோயாம். அண்ணன் என்றாலும் பதினோரு நிமிடம்தான் மூத்தவன். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் நாங்கள். டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
"உங்களுக்கு வயிறு எப்படி?"
"கல்லைத் தின்னாலும் செரிக்கும் சார்."

மார்ச் 4
பொய். இரண்டு மாதமாகவே சரியில்லை.

மார்ச் 9
நான் ஓட்டும் டவர் கிரேனின் கேபினிலிருந்து தரைக்கு இறங்கப் பதினைந்து நிமிடம். கழிப்பறை அதற்கும் அப்பால். இன்று கம்பிக்கட்டு பாதி உயரத்தில் தொங்கும்போது வயிற்றைப் பிசைந்தது. கீழே ஆட்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக இறக்கினேன். "ஏன்யா ஊர்ற?" என்று வாக்கிடாக்கியில் மேஸ்திரி. காற்று அதிகம் என்றேன். ஓர் இலைகூட அசையவில்லை.
பயத்தால் வருகிறதா, நோயால் வருகிறதா?

மார்ச் 14
மகள் வயிறு வலி என்றாள். பள்ளிக்கு மட்டம் போட நாடகம், தெரிகிறது. ஆனாலும் அவள் முகத்தையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னிடமிருந்து இவளுக்கும் போய்விட்டால்?

மார்ச் 16
கழிப்பறையில் ரத்தம்.

மார்ச் 17
மனைவியிடம்கூடச் சொல்லவில்லை, அண்ணனிடம் சொன்னேன். படுக்கையிலிருந்து எழுந்தே விட்டான். "மடையா! நானும் ரெண்டு வருஷம் இப்படித்தான் மூடி மறைச்சேன். அதான் வெட்டுனாங்க. உனக்கும் வெட்டணுமா?" பிறகு அழுதான். நானும்தான்.

மார்ச் 18
டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "ரெண்டு பேருக்கும் ஒரே மரபணுதான். அதுக்காக வந்தே தீரணும்னு இல்ல. ஆனா மத்தவங்களவிட உங்களுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம். சிகரெட் வேற பிடிக்கிறீங்க. மரபணுவை மாத்த முடியாது, இதை விடலாம்ல?"
மகளைப் பற்றிக் கேட்டேன். "பெரும்பாலான பிள்ளைங்களுக்கு வர்றதில்ல. கவனிச்சுக்கிட்டா போதும்."
குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்க வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். மூன்று நாள் இருக்கிறது. எப்படிக் கழியும்?

மார்ச் 21
அதேதான். ஆனால் ஆரம்ப நிலை. கத்தி வேண்டாம், மருந்து போதுமாம். மனைவி என் கையை விடவே இல்லை. "இனிமே எதையாவது மறைச்சுப் பாருங்க, அப்புறம் இருக்கு!"

மே 12
மருந்து ஏற்றும் அறை. அண்ணன் துணைக்கு வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். புதிதாக வந்த நர்ஸ் ஊசியோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.
"ரெண்டு பேர்ல யாருக்குங்க?"
"இன்னைக்கு இவனுக்கு. எனக்குப் போன வாரமே போட்டாச்சு" என்றான் அண்ணன்.
நான் கையை நீட்டினேன்.