நாற்பத்தேழாவது அட்டை

நவம்பர் 6, வியாழன்

மூன்றாவது பீரியட். பன்னிரண்டு 'ஏ'யில் ஆல்கஹால்களை ரிவிஷன் செய்துகொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், 'பி' பிரிவில், மணி அடித்தது. டிங். உடனே ஒரு கூச்சல், பிறகு கைதட்டல். என் வகுப்பின் நாற்பத்திரண்டு தலைகளும் சுவரைப் பார்த்துத் திரும்பின. சுவரில் என்ன தெரியும்? ஆனாலும் பார்த்தார்கள்.

அந்தப் பக்கம் பாடம் எடுப்பது ஹைமாவதி. என் மனைவி.

சத்தம் போடாதே என்று சொந்த மனைவியின் வகுப்புக்கு ஆள் அனுப்ப முடியுமா? போர்டில் எழுதியதை அழித்துவிட்டு அதையே மறுபடி எழுதினேன்.

நவம்பர் 7

இன்றும் மணி. பதினேழு தடவை. எண்ணியிருக்க வேண்டாம்.

நவம்பர் 11, செவ்வாய்

எழுதினாலாவது தெளிகிறதா பார்ப்போம்.

பத்தொன்பது வருஷமாக இந்தப் பள்ளியில் பிளஸ் டூ வேதியியல் என்றால் சீனிவாசலு சார், அதாவது நான். ஹைமா பதினொரு வருஷம் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்தாள். ஜூனில் 'பி' பிரிவு டீச்சர் பிரசவ விடுப்பில் போனார். பிரின்சிபால் குல்சும் மேடம் இவளை அங்கே ஏற்றிவிட்டார். நான்தான் சிபாரிசு செய்தேன். அவள் அஞ்சல் வழியில் எம்.எஸ்சி. படித்தபோது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ஒவ்வொரு வினைக்கும் அம்புக்குறி போடச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

இப்போது அவள் ஒரு விளையாட்டு வைத்திருக்கிறாள். வகுப்பை நான்கு குழுவாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு மேஜை மணி. கையால் எழுதிய கேள்வி அட்டைகள் ஒரு பிஸ்கட் டப்பாவில். இது எந்தத் தொகுதி, இதன் பெயர் என்ன, இதோடு அதைச் சேர்த்தால் என்ன வரும்? மணியை முதலில் அடித்தவர் சொல்லலாம். சரியென்றால் பத்து, தப்பென்றால் ஐந்து போச்சு. அவ்வளவுதான் விஷயம். இதற்கு மதியச் சாப்பாட்டைக்கூட விட்டுவிட்டு வருகிறார்கள்.

சூலூருக்குத் திரும்பும்போது பைக்கில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "பெயிலாகற பையன் கூட இன்னிக்கு எஸ்டர்னு கரெக்டாச் சொன்னானுங்க" என்றாள். சிந்தாமணிபுதூர் சிக்னலில் லாரி ஹாரன். கேட்காதது மாதிரி இருந்துவிட்டேன்.

நவம்பர் 14

குழந்தைகள் தினம். ஸ்டாஃப் ரூமில் அவள் மேஜையில் பதினொரு பேனா, இரண்டு ரோஜா, ஒரு வாழ்த்து அட்டை. என் மேஜையில் வருகைப் பதிவேடு.

நவம்பர் 18, செவ்வாய்

நானும் விளையாடிப் பார்த்தேன்! அஃபான்தான் காரணம். உக்கடத்திலிருந்து பஸ் ஏறி வருகிற பையன். என் வகுப்பில் முதல் மாணவன். நேற்று எழுந்து நின்று, "சார், நம்ம கிளாஸ்லயும் ஒருக்கா வெக்கலாமுங்களா?" என்று கேட்டான். அவனே கேட்டுவிட்டானே என்று ஒத்துக்கொண்டேன்.

முப்பது கேள்வி தயாரித்தேன். நல்ல கேள்விகள். ஹைமாவுடையதைவிட ஆழமானவை. இரண்டாவது கேள்வியிலேயே ஒருவன் தப்பாகச் சொன்னான். ஏன் தப்பு என்று விளக்க ஆரம்பித்தேன். விளக்கி முடிக்கும்போது பெல் அடித்துவிட்டது. பள்ளி பெல்.

யாரும் சிரிக்கவில்லை. "நல்லா இருந்துச்சுங்க சார்" என்றார்கள். அதுதான் தாங்கவில்லை.

நவம்பர் 24, திங்கள்

குல்சும் மேடம் கூப்பிட்டு இரண்டு செய்தி சொன்னார். ஒன்று: டிசம்பர் 5-ந் தேதி 'ஏ'வுக்கும் 'பி'க்கும் பெற்றோர் முன்னால் இறுதிப் போட்டி. ஜெயிக்கிற குழுவிலிருந்து இரண்டு பேர், 13-ந் தேதி பீளமேட்டுக் கல்லூரியில் நடக்கும் பள்ளிகளுக்கிடையேயான போட்டிக்குப் போவார்கள். இரண்டு: வரும் வருஷம் நீட் சிறப்பு வகுப்பு தொடங்குகிறது. "கெமிஸ்ட்ரிக்கு யாருன்னு இன்னும் முடிவு பண்ணலைங்க சார்."

போன வருஷம் இதே அறையில் இதே நாற்காலியில், "நீங்க இருக்கறப்ப வேற யாருங்க சார்" என்றவர்.

அவள் என் மனைவி. அவளுக்குக் கிடைத்தால் என் வீட்டுக்குத்தானே? கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. வயிறு ஏன் இப்படி எரிகிறது?

நவம்பர் 30, ஞாயிறு

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று முறை பேனாவை வைத்துவிட்டேன்.

காலையில் ஹைமா பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். இறுதிப் போட்டிக்கான எண்பது அட்டைகள். "ஏனுங்க, இதெல்லாம் ஒருக்கா பாத்துக் குடுங்க. பேரன்ட்ஸ் முன்னாடி தப்பு வந்துடக் கூடாது. நீங்க பாத்துட்டா எனக்குப் பயமில்லை."

பார்த்தேன். எழுபத்தொன்பது சரி. நாற்பத்தேழாவது தப்பு.

'ஃபிரக்டோஸ், டாலன்ஸ் சோதனையில் வெள்ளி ஆடி தருமா?' விடை: 'தராது. அது கீட்டோன்.'

பலரும் செய்கிற தப்பு. ஆல்டிஹைடு இருந்தால் சோதனைக் குழாயின் உட்புறம் கண்ணாடி மாதிரி வெள்ளி படியும், கீட்டோனுக்குப் படியாது. பழச் சர்க்கரையான ஃபிரக்டோஸ் கீட்டோன்தான். ஆனால் அந்தக் கரைசலின் காரத்தில் அது உருமாறி ஆல்டிஹைடாகிவிடும், வெள்ளி படிந்துவிடும். அதனால் 'தரும்' என்பதுதான் விடை. அக்டோபரில் என் வகுப்பில் இதற்கென்றே கால் மணி நேரம் ஒதுக்கி நடத்தினேன்.

சமையல்கட்டிலிருந்து, "எல்லாம் சரியா இருக்குதுங்களா?" என்றாள்.

"சரியாத்தான் இருக்குது" என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது என்று எழுதலாம். பொய். யோசித்துத்தான் சொன்னேன்.

டிசம்பர் 1

எண்பதில் ஒன்று. அது வராமலே போகலாம்.

டிசம்பர் 4, வியாழன்

சொல்ல ஐந்து நாள் இருந்தது. இன்றுகூட, பைக்கில் அவள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். மழை தூறியது. துப்பட்டாவை எடுத்து டப்பாவை மூடினாள், தலையை அல்ல. கண்ணாடியில் பார்த்தேன். இப்போது சொல், இப்போது சொல் என்று ஒண்டிப்புதூர் வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

டிசம்பர் 5, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அரங்கம் நிறைந்திருந்தது. ஹைமா மேடையில், மாம்பழ நிறப் புடவை. முதல் வரிசையில் குல்சும் மேடமும் நானும். கடைசிச் சுற்று. 'ஏ' 140, 'பி' 135. இன்னும் ஒரே கேள்வி. ஹைமா டப்பாவுக்குள் கைவிட்டு எடுத்தாள். படித்தாள். "ஃபிரக்டோஸ்..."



அஃபான் மணியை அடித்தான். "தருமுங்க மேடம்."

"தப்பு கண்ணு. அது கீட்டோன். மைனஸ் அஞ்சு. 'பி' டீம்?"

மிச்சமிருப்பது ஒரே விடை. 'பி' குழுவின் மௌனிகா, "தராதுங்க மேடம்" என்றாள். பத்து மதிப்பெண். 'பி' பக்கம் பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தார்கள்.

அஃபான் உட்காரவில்லை. "மேடம், குடுக்குமுங்க. காரத்துல அது ஆல்டிஹைடா மாறிடுமுங்க. எங்க சார்தான் நடத்துனாருங்க."

கூச்சல் அடங்கியது. ஹைமாவின் முகத்தில் சின்னக் கலக்கம். என்னைப் பார்த்தாள். "சாரே சொல்லட்டும்" என்றாள். பயமில்லாமல்தான் சொன்னாள். நான் பார்த்துக் கொடுத்த அட்டைகளாயிற்றே.

எழுந்தேன். இந்த நிமிஷத்துக்காகத்தானே ஐந்து நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன்? எல்லோர் முன்னாலும், 'மேடம் சொன்னது தப்பு' என்று சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி. அவள் முகத்தைப் பார்த்தேன். முடியவில்லை.

சரி, அதைத்தான் சொல்ல முடியவில்லை. வேறு எதையாவது சொல்லியிருக்கலாமே. கேள்வியை ரத்து செய்யலாம் என்றிருக்கலாம், இன்னொரு அட்டை எடுக்கச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "கார்டுல என்ன இருக்குதோ அதுதான் முடிவு. உக்காரு."

அஃபான் உட்கார்ந்தான். அழவில்லை. கடைசிவரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாலையே மௌனிகாவின் பெயரும் இன்னொரு பெண்ணின் பெயரும் கல்லூரிக்குப் போய்விட்டன.

டிசம்பர் 6

ஹைமா ஜிலேபி வாங்கி வந்தாள். "நீங்க பாத்துக் குடுத்ததாலதான்" என்றாள். தின்றேன்.

டிசம்பர் 8, திங்கள்

அஃபான் மதியம் அவளிடம் போயிருக்கிறான். சண்டைக்கு அல்ல. தன் நோட்டைக் கொடுத்து, "நான் தப்பா எழுதியிருக்கனான்னு பாருங்க மேடம்" என்றானாம். அக்டோபர் 16 தேதி. நான் சொன்னது வரிக்கு வரி. ஓரத்தில் நான் போட்ட சிவப்பு டிக்.

வீட்டில் நாங்கள் தெலுங்குதான் பேசுவோம், அதைத் தமிழாக்குவது இந்த நோட்டில்தான். கோபம் வந்தால் அவள் தமிழுக்கு மாறிவிடுவாள். கதவைத் திறந்ததுமே தமிழ்.

"தெரிஞ்சேதான் உட்டீங்களா?"

"ஆமா."

"எத்தன நாளா?"

அட்டையைப் பற்றித்தான் கேட்டாள். என் வாயில் வந்தது வேறு. "ஜூன்ல இருந்து."

அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. பையை இறக்கி வைத்தாள். "நான் தோக்கோணும்னு நெனச்சீங்க. சரி, அதையாவது ஒழுங்காச் செஞ்சீங்களா? எம் மேல இருந்த கோவத்தக் கொண்டு போய் அந்தப் பையன் தலைல போட்டுட்டீங்களே. அவன் உங்க பேரச் சொல்லித்தானுங்க எந்திரிச்சு நின்னான்."

என்ன மனுஷன்டா நீ சீனிவாசலு. வயசு நாப்பத்தஞ்சாச்சு. பொண்டாட்டி கூடப் போட்டி.

டிசம்பர் 9, செவ்வாய்

காலையிலேயே ஹைமா இரண்டு பிரிவையும் லேபுக்கு வரச்சொன்னாள். அட்டையில் தப்பு தன்னுடையது, ஜெயித்தது 'ஏ' என்று அறிவித்தாள். என் பெயரை எடுக்கவில்லை. அஃபானையே சோதனை செய்யச் சொன்னாள். வெந்நீரில் குழாயை வைத்தான். சில நிமிஷத்தில் உட்புறம் பளபளவென்று படிந்தது. ஓவென்று கத்தினார்கள்.

நான் கடைசி மேஜையில் நின்றிருந்தேன். சும்மா இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். அவள் அப்படித்தான் முடித்து வைத்திருந்தாள்.

முன்னால் போனேன். "அந்தக் கார்டைச் சரிபார்த்தது நான். தப்புன்னு எனக்குத் தெரியும். மேடத்துகிட்டச் சொல்லல. அன்னிக்கு மேடைலயும் அஃபான் சொன்னது சரின்னு தெரிஞ்சுதான் உக்காரச் சொன்னேன்."

அஃபான் குழாயைக் கையில் வைத்துக்கொண்டே, "பரவால்லீங்க சார்" என்றான்.

பிறகு குல்சும் மேடத்திடமும் போய்ச் சொன்னேன். "உங்ககிட்ட இருந்து இத எதிர்பார்க்கலைங்க சார்." போட்டிக்குப் பெயரை மாற்றக் கேட்டு அவரே கல்லூரிக்குப் போன் செய்தார். பட்டியலை முடித்துவிட்டார்களாம்.

டிசம்பர் 13

இன்று பீளமேட்டில் போட்டி. மௌனிகா போனாள். அஃபான் போகவில்லை.

டிசம்பர் 21

ஹைமா பேசுகிறாள். உப்பு வேண்டுமா, கரண்ட் பில் கட்டியாயிற்றா. அவ்வளவுதான்.

ஜனவரி 20, செவ்வாய்

சிறப்பு வகுப்பு ஹைமாவுக்கு. சுற்றறிக்கை முதலில் என் கைக்குத்தான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் நானே கொடுத்தேன். அவள் படித்து முடிக்கும்வரை நின்றேன். பிறகு சொன்னேன், "எனக்கு எரியுது ஹைமா. ஒளிக்கறதுக்குப் பதிலாச் சொல்லிப்போடறேன்."

"சொல்லோணுமாக்கும். மூஞ்சிலயே எழுதியிருக்குது" என்றாள். சிரிக்கவில்லை. ஆனால் சுற்றறிக்கையை மடித்தபடியே, "வினைவழிமுறை, அந்த அம்புக்குறி போடறது மட்டும் நான் நடத்துனா பசங்களுக்கு ஏற மாட்டேங்குது. அத நீங்க எடுக்கறீங்களா?" என்று கேட்டாள்.

எடுக்கிறேன் என்றேன். அவள் வகுப்பில், அவள் கால அட்டவணைப்படி.

பிப்ரவரி 3, செவ்வாய்

செய்முறைத் தேர்வு நெருங்குகிறது. மதியம் அஃபான் ஸ்டாஃப் ரூமுக்கு வந்தான். டிசம்பருக்குப் பிறகு தனியாக என்னிடம் வருவது இதுதான் முதல் முறை. அனிலினில் ஒரு சந்தேகம். ஒரு தாளில் படம் போட்டு விளக்கினேன். தலையாட்டிக் கேட்டான்.

முன்பெல்லாம் நான் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொள்வான். இன்று எழுதவில்லை. கையிலிருந்த புத்தகத்தைப் புரட்டி, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, நான் சொன்னதையும் அதையும் ஒப்பிட்டு, விரல் வைத்து வரி வரியாகப் படித்தான். நான் காத்திருந்தேன்.

சரியாக இருந்தது. "தேங்க்ஸ்ங்க சார்" என்று சொல்லிவிட்டு, பிறகுதான் எழுதிக்கொண்டான்.