வாய் காய்ந்த நாளும் ஒழுகிய நாளும்

மார்ச் 4, 1979. ஞாயிறு

எட்டு மணிக்கே வெயில் சுட்டது. அப்பாவின் பழைய வேட்டியை எட்டாகக் கிழித்தேன். அவர் வாயில் ஒழுகும் எச்சிலைத் துடைக்க. மதியத்துக்குள் மூன்று துண்டு நனைந்துவிட்டது. மோவாய்க்குக் கீழே தோல் வெந்து சிவப்பு. தேங்காய் எண்ணெய் தடவினேன். அண்ணாந்து காட்டினார்.

செய்ய வேண்டியது:
துண்டு வேகவைக்கச் சோடா உப்பு.
ஒருக்களித்துப் படுக்கவைக்க. மல்லாந்தால் புரையேறுகிறது.
செவ்வாய்க்கு வெள்ளைச் சட்டை.

செவ்வாய் அரியலூரில் விசாரணை. ஒன்றரை ஏக்கர். இருபத்தாறு வருடமாக அப்பா குத்தகைக்கு உழும் நிலம். தாலுகா ஆபீஸ் குத்தகை ஏட்டில் அவர் பெயர் இல்லை. ஏற்றச் சொல்லி மனு, நானே டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மெஷினில் அடித்தது. அதிகாரி முன்னால் அப்பா தன் வாயால் சொன்னால்தான் பெயர் ஏறும். இல்லாவிட்டால் நிலத்துக்காரப் பண்ணை அடுத்த உழவுக்கு வேறு ஆளை இறக்கும்.

மாலை டீக்கடை. கடைக்காரர் என்னைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, தப்பா நெனைக்காத. அப்பாவுக்கு இனிமே வூட்லேர்ந்து சொம்பு கொண்டாந்துடு" என்றார். எங்கள் தெருவுக்கே அங்கே தனிக் கிளாஸ். இப்போது அந்தத் தனியிலும் தனி. கிளாஸைப் போட்டு உடைத்திருக்க வேண்டும். டீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மார்ச் 5. திங்கள்

இன்ஸ்டிடியூட்டில் லீவு சொல்லியாயிற்று.

போன மாதம் திருச்சி டாக்டர் சொன்னது: நரம்பு வியாதி, நடுக்குவாதம். "எச்சி கூடுதலா ஊறல தம்பி. எல்லாருக்கும் ஊறுறதுதான். உங்களுக்கும் எனக்கும் தன்னால உள்ள போயிடுது. உங்கப்பாவுக்கு முழுங்குறது கொறஞ்சு போச்சு." மாத்திரை வேளைக்கு அரை. வாய் காயும். கூட்டினால் புத்தி தடுமாறும், கூட்டாதே என்றார்.

கூட்டினால் வாய் நன்றாகக் காயும் என்றும் அதற்குப் பொருள்.

மார்ச் 6. செவ்வாய்

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலையில் இரண்டு மாத்திரை கொடுத்தேன். அம்மாவிடம் சொல்லவில்லை. கீழப்பழுவூரில் பஸ் ஏறும்போதே உதடு உலர்ந்துவிட்டது. துண்டு வேண்டியிருக்கவில்லை. வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு இல்லை. மாப்பிள்ளை மாதிரி இருந்தார். எனக்குப் பெருமை வேறு.

பண்ணையின் காரியக்காரர் முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். (இனி கா.கா. அந்த ஆள் பெயரை இந்த நோட்டில் எழுத மாட்டேன்.) வாய் நிறைய வெற்றிலை. வராந்தா மூலையில் சிவப்பாகத் துப்பினார். பியூன் பார்த்துக்கொண்டே போனான். அப்பாவைவிடப் பதினைந்து வயது இளையவர். "என்னடா மாரிமுத்து, சட்டையெல்லாம் பலமா இருக்கு?"

உள்ளே அதிகாரி: "நெலம் யாரு உழுவுறது?"

அப்பா மேஜையையே பார்த்தார். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு டப் என்று விட்டது. "ஆடு மேயுதுங்க" என்றார். "ஓட்டுங்க. பயிருல பூந்துடுச்சி."

மேஜை மேல் ஃபைல்தான் இருந்தது.

கா.கா. சிரித்தார். "சித்தங் கலங்குன ஆளுங்க சார். இவன் சாகுபடி பண்றானாம்."

அதிகாரி: "ரெண்டு வாரம் கழிச்சு வாங்க. அப்பவும் இப்படின்னா மனுவத் தள்ளிடுவேன்."

அப்பா பஸ்ஸில் என்னைத் தம்பி என்று கூப்பிட்டார். செத்துப்போன அவர் தம்பியின் பெயரைச் சொல்லி.

மார்ச் 7. புதன்

அம்மா மாத்திரையை எண்ணிவிட்டாள். அகப்பையை எடுத்தாள். இருபத்துநாலு வயதில் அடி.

"அந்த ஆபீசுக்காரன் மூஞ்சி சுளிக்கக் கூடாதுன்னு எம் புருசன் புத்தியக் கெடுத்துட்டு வந்தியாடா?"

ஆமாம். அதைத்தான் செய்தேன். கா.கா.வைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? அவர் அப்பாவைக் கேவலமாகப் பார்த்தார். நானோ அப்பாவை அடுத்தவர் பார்க்கும்படி வைக்கக் கூசி, ஆளையே காணாமல் போகச் செய்தேன்.

பழையபடி அரை மாத்திரை. நேற்றைய கணக்குக்கும் சேர்த்து இன்று ஒழுகுகிறது. துண்டு ஆறு.

மார்ச் 11. ஞாயிறு

தெளிந்துவிட்டார். காலையில் கேட்ட முதல் கேள்வி: "அதிகாரிகிட்ட நான் என்னடா சொன்னேன்?" சொன்னேன். துண்டை அவரே எடுத்துத் துடைத்துக்கொண்டார், நடுங்கும் கையால், பாதி காதில் பட்டது.

மத்தியானம் ஒன்று கவனித்தேன். கஞ்சி குடிக்கக் கூப்பிட அம்மா கரண்டியால் டம்ளரில் தட்டினாள். அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியது. கஞ்சி இன்னும் வாய்க்குப் போகவில்லை. மறுபடி தட்டச் சொன்னேன். மறுபடி முழுங்கினார்.

"அப்பா, தெரிஞ்சா முழுங்குற?"

"சத்தம் கேட்டா ஞாபகம் வருது."

பத்துத் தட்டுக்கு எட்டு. அம்மா: "இத்தன நாளா அது தெரியாம வேட்டி வேட்டியா கிழிச்சிருக்க."

மார்ச் 15. வியாழன்

பயிற்சி. தட்டு, முழுங்கு, ஒரு பதில். தட்டு, முழுங்கு, அடுத்த பதில். நிலத்தின் நாலு எல்லையும் தடங்கலில்லாமல் வருகிறது. குரல் தணிவு, ஆனால் சுத்தம். தட்டாவிட்டால் இரண்டாவது வார்த்தையில் வாய் நிரம்பிவிடுகிறது. அப்புறம் வருவது பேச்சில்லை.

தெருவில் ஒருவன்: "என்னடா, உங்கப்பனுக்கு வாத்தியாராயிட்டியா?" பதிலுக்கு நான் சொன்னதை இங்கே எழுத முடியாது.

மார்ச் 20. செவ்வாய்

அரியலூர். சுண்ணாம்புக்கல் லாரிப் புழுதி. அரை மாத்திரைதான். துண்டு நான்கு. சட்டை பஸ்ஸிலேயே நனைந்தது. நனையட்டும்.

பதினொன்றுக்கு வரச்சொல்லி ஒரு மணிக்குத்தான் கூப்பிட்டார்கள். அதிகாரிக்குச் சாப்பாட்டு அவசரம். நான் அப்பா பக்கத்தில் நின்று பெஞ்சுப் பலகையில் விரலால் தட்டினேன். "நாந்தாங்க உழுவுறேன்" என்றார், சுத்தமாக. இன்னொரு தட்டு.

கா.கா. எழுந்தார். "சார், பாருங்க. பையன் கையால ஜாடை காட்டிச் சொல்லிக் குடுக்குறான்."

"இல்ல சார். முழுங்குறதுக்கு—"

"முழுங்குறதுக்கா? முழுங்குறதுக்கு ஆளு வேணுமா?" கா.கா. தன் தோள் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

அதிகாரி: "நீ வெளிய போய் நில்லு."

டாக்டர் சொன்னதைச் சொல்ல ஆரம்பித்தேன். பியூன் தோளைப் பிடித்தான். வெளியே, ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம். அங்கிருந்து தட்டினால் கேட்காது.

"கெழக்கால என்ன?" அப்பா வாயைத் திறந்தார். நிரம்பி வழிந்தது, மேஜை விரிப்பில். முடிந்தது என்று நினைத்தேன்.

அதிகாரி நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார். "சே! ஃபைல எடுய்யா!" ரூல்தடியை எடுத்து மேஜையில் ஓங்கி ஒரு அடி. "சொல்லுய்யா!"

அப்பாவின் தொண்டை ஏறி இறங்கியது.

"வாய்க்காங்க."

"தெக்கால?" அடி.

"களம்."

"மேக்கால?" அடி.

"இலுப்ப மரம். அத ஒட்டி பண்ணைக் கெணறு. தூந்து போனது."

"வடக்கால?" அடி.

"எஞ் சித்தப்பா மவன் வயலு."

நாயை விரட்டுகிற மாதிரிதான் அந்த ஆள் அடித்தார். அடிக்க அடிக்க அப்பா முழுங்கினார், சொன்னார். போன வருடம் என்ன நெல், எப்போது நட்டது, எந்த மடைத் தண்ணீர், எல்லாம். ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த என் கையில் துரு.

கா.கா.: "சார், அவன் வாயப் பாருங்க, இதையெல்லாம் போய்—"

"வாயையாய்யா எழுதுறேன்? சொன்னத எழுதுறேன். உக்காரு. பசிக்குது எனக்கு."

படித்துக் காட்டி, இடது கைப் பெருவிரல் ரேகை வாங்கினார்கள். குனிந்தபோது தாள் ஓரத்தில் ஒரு சொட்டு விழுந்தது. குமாஸ்தா மையொற்றும் தாளை அதன் மேல் வைத்து, விரல் படாமல் எடுத்தான். கறை அப்படியே ஃபைலுக்குள் போயிற்று. உத்தரவு பிறகு வரும். வாக்குமூலம் ஏறிவிட்டது, அதை இனி யாராலும் துடைக்க முடியாது. கா.கா. வராந்தா மூலையில் துப்பிவிட்டுப் போனார்.

பஸ்ஸில் அப்பா: "நல்ல மனுசன்டா. நீ வெளிய போயிட்டேன்னு, எனக்காகத் தட்டிக் குடுத்தாரு பாத்தியா?"

துண்டை மாற்றினேன். நாலாவது.

மார்ச் 21. புதன்

அப்பா சொன்னதைக் கேட்டு, நல்ல ரூல்தடி ஒன்று அரியலூரிலிருந்து வாங்கி வரச் சொல்கிறாள் அம்மா. மாட்டேன் என்றேன். ஏன்டா என்றாள்.

கரண்டி போதும்.