பொரிக்கு ஒரு ஸ்வெட்டர்

சேரப்பணஞ்சேரி
30.11.2024

அன்புள்ள உங்களுக்கு,

போனில் பேசினால் பாதியிலேயே சண்டையாகிவிடுகிறது. அதனால் எழுதுகிறேன். கோத்தகிரி பள்ளிக்கூட வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்க மாட்டேன். பொரி எப்படி இருக்கிறான்? நீங்கள் அவனையும் கூட்டிக்கொண்டு கிளம்புவீர்கள் என்று தெரியாமல் வெயிலுக்காக முடியை ஒட்ட வெட்டியிருந்தேன். பொமரேனியன் நாய்க்கு அடி ரோமம்தானே போர்வை. அது இல்லாமல் மலையேறியிருக்கிறான். படுத்தால் அதே நினைப்புதான்.

குளிரில் குளிப்பாட்டாதீர்கள். பனியில் நனைந்து வந்தால் தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுங்கள். காதுக்குப் பின்னால் தினமும் சீவுங்கள். என் சிவப்புச் சால்வையை வெட்டி அவனுக்கு ஸ்வெட்டர் தைத்து அனுப்பியிருக்கிறேன். கழற்றவே வேண்டாம்.

ஒரகடம் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்புக்குள் போகுமுன் தூசி எடுக்க உடுப்பில் ஒட்டு ரோலர் உருட்டுவோமே, அதில் தினமும் அவனுடைய வெள்ளை முடி வரும். இப்போது வருவதில்லை. கூட வேலை செய்யும் சசிகலா, "இன்னாக்கா, நாய வித்துட்டியா? ரோலரு சுத்தமா கீது" என்கிறாள். பொங்கலுக்கு வந்துவிடுவான் என்று சொல்லியிருக்கிறேன். அப்படித்தானே பேசினோம்?

விழி


கோத்தகிரி
22.12.2024

விழி,

ஸ்வெட்டர் வந்தது. நீ சொன்னபடி கழற்றாமல் விட்டதில் அக்குளில் சடை விழுந்து, ஈரம் உள்ளேயே தங்கி, தோல் சிவந்துவிட்டது. டாக்டர் சடையை நறுக்கி மருந்து போட்டார். பயப்படாதே, ஆறிவிட்டது. "அதுக்கே கோட்டு வளருது, நீங்க எதுக்கு இன்னொண்ணு மாட்டுறீங்க?" என்று கேட்டார். கழுத்தைச் சுற்றிச் சிங்கம் மாதிரி முளைத்திருக்கிறது. விரலை விட்டால் தோல் தட்டுப்படவில்லை. காலையில் பனியில் போய் உட்கார்ந்துகொண்டு உள்ளே வர மாட்டேன் என்கிறான்.

பொங்கலுக்கு என்றுதான் பேசினோம். ஆனால் இந்த முடியோடு ஒரகடம் வெயிலில் மூச்சு வாங்குவான். இன்னொரு முறை ஒட்ட வெட்டினால் பழையபடி முளைக்காமலே போகலாம் என்கிறார் டாக்டர். நீ சொன்னால் வெட்டிக் கூட்டி வருகிறேன். விட்டுவிட்டு அன்றைக்கே நான் திரும்பிவிடுவேன். வெட்டட்டுமா?

நம்பிராஜன்


சேரப்பணஞ்சேரி
06.01.2025

அன்புள்ள உங்களுக்கு,

போர்த்திவிட்டால் போதும் என்று இருந்துவிட்டேன். உள்ளே என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை.

பதில் எழுத முடியாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். நேற்று பீரோ அடியில் கிடந்த பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். ரோலரில் ஒரு வெள்ளை முடி. சசிகலாதான் முதலில் பார்த்தாள். "இன்னாக்கா, வந்துட்டானா?" இல்லை என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கிண்டல் எதுவும் செய்யாமல், அந்த ஒட்டுத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாளில் எனக்கு உருட்டிவிட்டாள்.

வெட்ட வேண்டாம். பாதத்துக்கு அடியில், விரலிடுக்கில் வளரும் முடியை மட்டும் நறுக்குங்கள். இல்லாவிட்டால் சேறு உருண்டு ஒட்டிக்கொள்ளும். அவனுடைய இரும்புச் சீப்பை அனுப்புகிறேன். இங்கே அதற்கு வேலையில்லை.

பொங்கலுக்கு நீங்கள் அலைய வேண்டாம். ஸ்வெட்டரை மட்டும் துவைத்துத் திருப்பி அனுப்புங்கள். தையலைப் பிரித்தால் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் அளவாவது தேறும். முதல் ஷிப்ட் பஸ்ஸில் எனக்கும் குளிர்கிறது.

வேல்விழி